ஏறி ஓட்ட முடியாத தேர்

பரணில் ஏறித் துழாவினால் பல வீடுகளில் இன்னும் ஒன்று கிடைக்கும். மூன்று மரச் சக்கரம்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. முன்சக்கரத்தில் வந்து கூடும் இரண்டு கட்டைகள். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு சட்டம், ஒரு வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு. தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் சட்டத்தின் மேல்கம்பு மட்டும் வழவழவென்றிருக்கும். அண்ணன், அக்கா, சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தின் உள்ளங்கையெல்லாம் சேர்ந்து தேய்த்த வழவழப்பு அது. கம்பின் நடுவே சின்னச் சின்னப் பள்ளங்களும் தெரியும். பல் முளைக்கிற வயதும் நடக்கிற வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், கைக்கு எட்டிய கம்பு வாய்க்கும் எட்டிவிடுகிறது.

நடைவண்டியில் உட்கார இடம் கிடையாது. சாய்ந்துகொள்ள முதுகும் கிடையாது, பிள்ளையைக் கட்டிவைக்க வாரும் கிடையாது. பிடித்தால் நிற்கலாம், தள்ளினால் நகரும், கையை விட்டால் அதுபாட்டுக்கு நின்றுவிடும். குழந்தைதான் வண்டியைப் பிடித்திருக்கிறது. வண்டி குழந்தையைப் பிடிப்பதில்லை. அற்பமாகத் தெரிகிற இந்த வித்தியாசத்துக்காகக் கடல் கடந்த ஒரு நாடு சட்டமே போட வேண்டி வந்தது. அதற்கு முன், வண்டியின் வயதைப் பார்த்துவிடலாம்.

சாட்சிக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இருக்கிறார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர் மருத நிலத்து உழவர் வீடுகளைக் காட்டுகிறார். அங்கே பிள்ளைகள் சிறுதேர் உருட்டுகிறார்கள். ஏறி ஓட்ட முடியாத தேர். தச்சர் வீட்டுச் சிறுவர்களே பார்த்து ஆசைப்படும்படி செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பும் வைக்கிறார். நாள் முழுக்க உளிச் சத்தத்திலேயே வளர்கிற பிள்ளைக்கே ஆசை வந்ததென்றால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்கும்! தேர் உருட்டிய பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். செவிலித்தாயைக் கட்டிக்கொண்டு பால் குடித்துப் படுக்கையில் உறங்கிவிடுகிறார்கள். அந்தக் களைப்புக்குப் புலவர் சொல்லும் காரணம் 'தளர்நடை'. அதாவது, தேரை உருட்டியது ஓடியாடும் வயதுப் பையன் அல்ல. கால் இன்னும் நிலைக்காத, பால்குடி மறக்காத பிள்ளை. தச்சர் செய்தது, ஏற முடியாதது, தள்ளாடிக்கொண்டே உருட்டுவது என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பரணில் கிடக்கும் பொருள்தான் நினைவுக்கு வருகிறது.

அதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்றைக் காட்டுகிறார். நெல் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்டக் கைக்கு வேறெதுவும் அகப்படாமல் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள் ஒரு பெண். அந்தக் குழை, பிள்ளைகள் உருட்டிவரும் சிறுதேரின் வழியில் கிடந்து மறிக்கிறது. பட்டினத்தின் செல்வச் செழிப்பைச் சொல்லும் இடம் என்று வகுப்பில் நடத்துவார்கள். ஆனால் தேருக்குத் தரப்பட்ட அடைமொழியைக் கவனிக்க வேண்டும்: குதிரை பூட்டாதது, மூன்று காலுடையது. கால் என்றால் இங்கே சக்கரம். போர்த்தேருக்கும் கோயில் தேருக்கும் மூன்று சக்கரம் பொருந்தாது. நடைவண்டிக்குப் பொருந்தும்.

பழைய பாட்டில் வருகிற விளையாட்டுத் தேர் எல்லாமே தள்ளுகிற தேர் என்றும் சொல்லிவிட முடியாது. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் சொல்லும் தச்சன் செய்த சிறுவண்டி, கையால் இழுத்து மகிழ்வது. இழுக்கிற பிள்ளைக்கு நடை ஏற்கெனவே கைவந்திருக்கும். தள்ளுகிற பிள்ளைக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

பிள்ளையின் முதல் நடையைப் பார்த்துக் கிறங்கியவர்களில் ஓர் அரசனும் உண்டு. பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் குறுகுறுவென்று நடந்து வந்து, உண்கலத்தில் கைவிட்டு, தொட்டுக் கவ்வி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாடுகிறான். எத்தனை பேரோடு அமர்ந்து உண்ணும் செல்வம் இருந்தாலும் இப்படி ஒரு பிள்ளை இல்லாதவனின் வாழ்நாளுக்குப் பயனில்லை என்கிறான். சாப்பாட்டு வேளையில் குழந்தையை யாராவது தூக்கிக்கொண்டு போகமாட்டார்களா என்று தவிக்கும் இன்றைய தகப்பன்மார் அறிவுடைநம்பியோடு அவ்வளவு எளிதில் ஒத்துப்போக மாட்டார்கள்.

பெரியாழ்வாருக்குக் கண்ணைவிடக் காதுதான் கூர்மை. யசோதையாக மாறிக் கண்ணனின் தளர்நடையைப் பாடத் தொடங்கும் இடத்திலேயே சத்தம் வந்துவிடுகிறது. சங்கிலி சலசலக்க, மணி ஒலிக்க அசைந்து வரும் யானையை உவமை சொல்கிறார். இடுப்பில் உடைமணி, காலில் கிண்கிணி என்னும் சதங்கை. இந்த அணிகளை அழகு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்தது. அடுப்படியில் நிற்பவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே பிள்ளை எங்கே என்று தெரிந்தாக வேண்டும். சதங்கை ஒலித்தால் கூடத்தில் இருக்கிறது. ஒலி திடீரென்று நின்றால்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்; எதையோ எடுத்து வாயில் போட்டிருக்கும்.

பிள்ளைத்தமிழ் இந்த நடைக்குத் தனியே ஒரு பருவமே ஒதுக்கியது. கிடைத்திருக்கும் நூல்களுள் பழையது ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பத்துப் பருவங்களில் ஆறாவது வருகை. வாரானை என்றும் சொல்வார்கள். பாட்டுடைத் தலைவனை அல்லது தலைவியை வா, வா என்று கூப்பிடுவது. வழக்கமான கணக்கில் அது பதின்மூன்றாம் மாதம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட அளவீடும் தனியே நடக்கும் சராசரி வயதைப் பன்னிரண்டு மாதத்தை ஒட்டியே வைக்கிறது. ஓலைச்சுவடிக் கணக்கு அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதே அளவீட்டில் இயல்பான வீச்சு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. 'பக்கத்து வீட்டுப் புள்ள பத்து மாசத்துலயே நடந்துடுச்சாமே' என்று தொடங்கும் பேச்சை அங்கேயே நிறுத்த இந்த இரண்டு எண்கள் போதும்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் ஒன்றாகச் சிறுதேர் வருகிறது. பெண்பாலுக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும். இலக்கணம் தேரை ஆண்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், நல்லவேளையாக வீடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நடைவண்டியை அக்காள் தள்ளி முடித்தால் தம்பி, தம்பி முடித்தால் தங்கை.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. அங்கே தவழ்வதே பல காலம் பெரியவர்களுக்குப் பிடிக்காத காரியமாக இருந்தது. நாலு காலில் போவது விலங்கின் நடை, மனிதப் பிள்ளை நிமிர்ந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம். வெண்ணெய்க் கையோடு தவழும் கண்ணனைப் பூசையறையில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். அங்கே பிள்ளை பிறந்ததும் துணியால் இறுகச் சுற்றுவார்கள். சுற்றலை அவிழ்த்ததும் நிமிர்த்தி நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்கென்று சாதனங்கள் உண்டு. சட்டையின் தோள்பட்டையில் நீளமான துணிவார் தைத்து, பின்னாலிருந்து கடிவாளம்போலப் பிடித்துக்கொண்டு நடத்துவார்கள். விழுந்தால் மண்டையில் அடிபடாமலிருக்கத் தலையைச் சுற்றிப் பஞ்சடைத்த வளையத் தொப்பி. ஆங்கிலேயர் அதை 'புட்டிங்' என்று அழைத்தார்கள்.

சக்கர வண்டியும் இருந்தது. 1440 வாக்கில் நெதர்லாந்தில் கிளீவ்ஸ் கேத்தரின் என்ற சீமாட்டிக்காக எழுதப்பட்ட பிரார்த்தனைப் புத்தகம் இப்போது நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓவியம் ஒன்றில் மரியாள் தறியில் நெய்கிறாள். சூசையப்பர் மரத்தை இழைக்கிறார். நடுவே குழந்தை இயேசு சக்கரம் வைத்த மரக்கூண்டுக்குள் நிற்கிறார். தாய்க்கும் தகப்பனுக்கும் கை ஒழியவில்லை, பிள்ளையை வண்டியில் நிறுத்தியாயிற்று. தச்சரோடு சேர்ந்த வண்டி என்பதில் பெரும்பாணாற்றுப்படையோடு ஓர் ஒற்றுமை. ஆனால் அங்கே பிள்ளை வண்டிக்கு வெளியே, இங்கே உள்ளே.

இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்தவர் தத்துவஞானி ரூசோ. 1762-இல் வெளிவந்த 'எமீல்' நூலில், தன் மாணவனுக்குத் தலைவளையமும் வேண்டாம், தோள்வாரும் வேண்டாம், உருட்டு வண்டியும் வேண்டாம் என்றார். புல்வெளியில் விட்டுவிடுங்கள், நாளைக்கு நூறு தடவை விழட்டும், நல்லதுதான் என்று எழுதினார். தன் ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பியவர் சொன்ன அறிவுரை என்பதால் சிரிப்பு வரலாம். ஆனால் எண்ணிக்கையில் அவர் தவறவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்து, காலடியை ஒவ்வொன்றாக எண்ணி 2012-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுதல்கள். நாளில் ஆறு மணி நேரம் நடமாடுவதாக வைத்துக்கொண்டால் நூறு விழுதல்.

நூறு தடவை விழும் பிள்ளைக்குப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு சித்திரத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள, ரெம்பிராண்ட் 1656 வாக்கில் பேனாவால் கீறிய சிறு படம் அது. தாய் ஒரு பக்கம், அக்காள் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளித் தகப்பன் தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டியிருக்கிறான். பின்னால் பால்காரி ஒருத்தி, நிறைந்த வாளியின் பாரத்தோடு, போகிற போக்கில் நின்று பார்க்கிறாள். இருநூறு ஆண்டு கழித்து ஓவியர் மில்லே வரைந்த 'முதல் அடிகள்' படத்திலும் அதே தோரணை. அங்கே தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைநீட்டுகிறான் விவசாயி. அதை 1890 ஜனவரியில் வண்ணத்தில் மறுபடி வரைந்த வான்கோ அப்போது மனநலக் காப்பகத்தில் இருந்தார். அதே மாதம் 31-ஆம் தேதி தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

கை நீட்டி 'வா வா' என்பது எல்லா ஊருக்கும் பொது. விழுந்த பிறகு நடப்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாட்டி பிள்ளையைத் தூக்கும் முன் தரையைப் படீரென்று ஓர் அடி அடிப்பாள். 'எம்புள்ளையத் தள்ளிவிட்டியா, இந்தா வாங்கிக்க!' குற்றவாளி தண்டிக்கப்பட்டதும் அழுகை பாதியில் நின்றுவிடும். சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது தனி. நிலைப்படியை முதன்முதலாகத் தாண்டிய அன்று கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வீடுகளும் உண்டு.

ரூசோ வேண்டாமென்ற உருட்டு வண்டி போய்விடவில்லை. பிளாஸ்டிக்கில், துணி இருக்கையும் மணியடிக்கும் தட்டும் வைத்து 'வாக்கர்' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அதில் குழந்தை நடப்பதில்லை. உட்கார்ந்தபடியே நுனிக்காலால் உந்துகிறது, தட்டு மறைப்பதால் தன் பாதத்தையும் பார்ப்பதில்லை. உடம்பின் பாரத்தை இருக்கை தாங்கிவிடுவதால் விழாமல் நிற்கும் வித்தை படிய வாய்ப்பில்லை. வேகமோ விநாடிக்கு மூன்றடிக்கு மேல். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை இந்த வண்டியால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000-க்கும் மேல். நான்கில் மூன்று பங்கு, மாடிப்படியில் உருண்ட விபத்துகள். கனடா 2004 ஏப்ரலில் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்தது. பழையது ஒன்றை வீட்டு வாசலில் வைத்து விற்பதும் அங்கே குற்றம்.

நடைவண்டிக்கும் குறை உண்டு. சாணி மெழுகிய தரைக்கும் மண் முற்றத்துக்கும் பிறந்த வண்டி அது. அந்தத் தரை சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும், வண்டி பிள்ளையின் வேகத்துக்கே போகும். வழுக்கும் டைல்ஸில் வண்டி முந்திக்கொண்டு ஓட, பிள்ளை கம்பைப் பிடித்தபடி முகவாய் இடிக்க விழும். டைல்ஸ் வீட்டில் யாராவது ஒருவர் குனிந்து முன்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கூடப் போக வேண்டியிருக்கிறது.

இப்போதும் திருவிழாக் கடைகளில் சொப்புச் சாமானுக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிட்டிருப்பார்கள். தாமிரபரணிக் கரையில் மரச்சொப்புக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்தில் கடைசல் வேலை இன்னும் நடக்கிறது. சுழலும் கட்டையின்மேல் வண்ண அரக்கை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி வளையம் வளையமாக ஒட்டிக்கொள்ளும், தூரிகை வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை. கம்பைக் கடிக்கப் போகிற வாய்க்கு எண்ணெய்ப் பெயின்ட்டைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்கிய வண்டிக்கு வேலை நான்கைந்து மாதம்தான். ஒருநாள் பிள்ளை கம்பை விட்டுவிட்டு இரண்டடி வைக்கும், பிறகு திரும்பிப் பார்க்காது. வண்டி கூடத்து மூலையில் கிடக்கும். இரண்டு வயது ஆகும்போது பாட்டியின் பழைய புடவைக் கரை எங்கிருந்தோ கிடைக்கும். அதை முன்சக்கரத்துப் பக்கம் கட்டி, கட்டைமேல் ஒரு பொம்மையை ஏற்றி, வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரியும்.