ரிக்வுட்: ஒரே மைதானம், இரண்டு அணிகள்

எங்கள் வீட்டில் இந்த வருடம் இரண்டு சேதி. அக்கா மகனுக்குப் பள்ளி பேஸ்பால் டீமில் இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சாக்கில் அவனைக் கூட்டிக்கொண்டு அலபாமா போய், பர்மிங்ஹாமில் இருக்கிற ரிக்வுட் ஃபீல்டைப் பார்த்துவிட்டேன். 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்த மைதானம். இன்றும் நிற்கிற தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் அதுதான் மூத்தது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கே 1912தான்.

ஆனால் விஷயம் வயது இல்லை. இங்கே இரண்டு அணிகள் ஆடின. வெள்ளையர்களுக்கு பேரன்ஸ், கறுப்பர்களுக்கு பிளாக் பேரன்ஸ். ஒரே புல், ஒரே மண். சேர்ந்து ஆட மட்டும் முடியாது. நகரச் சட்டமே தடுத்தது. செக்கர்ஸ் காய் நகர்த்தக்கூட இரு நிறத்தாரும் ஒன்றாக உட்காரக் கூடாதாம். பார்க்க வந்தவர்களுக்கும் தனித்தனி இடம். "அப்போ யாருகூட மோதி ஜெயிச்சாங்க?" என்று கேட்டான் பையன். தங்களைப் போல ஒதுக்கப்பட்டவர்களோடுதான்.

1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி நிறத்தடையை உடைத்தார். அடுத்த வருடம் பிளாக் பேரன்ஸில் ஆடிய வில்லி மேஸுக்கு வயது 17. கதவு திறந்ததும் இப்படிப்பட்டவர்கள் பெரிய லீக்குகளுக்குப் போனார்கள். கறுப்பர் லீக்குகள் கரைந்தன. நியாயம் கிடைத்தது, கூடவே ஒரு உலகமும் போனது.

ராபின்சன் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டை 1960இல் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். ரிக்வுட் தப்பித்தது. 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டமே அங்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், 93 வயதில், மேஸ் காலமாகியிருந்தார்.

கட்டடம் நின்றால் அவமானமும் சேர்ந்துதான் நிற்கும். நிற்கட்டும். இடித்துவிட்டால் கேள்வி கேட்கக்கூட இடம் இருக்காது.