களைக்கொல்லியும் மண்ணின் பிடிப்பும்
மைசூருவைச் சுற்றியுள்ள செம்மண்ணை ஈரக்கையில் பிசைந்தால் துருநிறம் ஒட்டிக்கொள்ளும். அந்த நிறம் இரும்பு ஆக்சைடினுடையது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி தன் பாஸ்போனேட் முனையால் அந்த ஆக்சைடை இறுகப் பற்றுகிறது. மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் அட்ரசினோ மட்கை நாடுவது; மட்கு குறைந்த செம்மண்ணில் பிடி தளர்ந்து மழைநீரோடு கீழே இறங்கிவிடும். ஆகவே, மருந்து தங்குமா நகருமா என்பதை அதன் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பிடிபட்ட மருந்து செயலற்றதுதானே என்பார்கள். அப்போதைக்கு உண்மைதான், களையைக் கொல்வது மண்நீரில் கரைந்த பங்கே. ஆனால் கிளைபோசேட் அமர்ந்த அதே இடத்துக்குப் பாஸ்பேட்டும் போட்டியிடுகிறது. டிஏபி என்னும் பாஸ்பேட் உரம் இட்ட வயலில் ஒரு பகுதி மீண்டும் கரைசலுக்கு வரலாம். முழுவதும் வராது: நாளாக ஆக ஒரு பங்கு துகள்களின் நுண்துளைகளுக்குள் ஆழப் பதிகிறது. மேல்மண் அரித்து ஏரிக்குப் போனால், அந்தப் பங்கும் உடன் போகிறது.