முன்பணமும் பாதியில் நின்ற வீடும்: வீட்டு உரிமையாளர் – ஒப்பந்தக்காரர் வழக்குகளின் சட்ட வரலாறு

சொந்த மனையில் வீடு கட்டுகிறவருக்கும் அதைக் கட்டித்தர ஒப்புக்கொண்டவருக்கும் இடையே எழும் வழக்குகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். முன்பணம் வாங்கியவர் வேலையைப் பாதியில் விட்டுப் போனால் என்ன செய்வது? கட்டியது சரியில்லை என்றால் யார் செலவில் திருத்துவது? பேசிய வேலைக்கு மேல் செய்ததற்குப் பணம் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு இந்தியச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்த விடைகள் ஒரே திசையில் செல்லவில்லை. முதலில் வேலை செய்கிறவரைச் சிறைக்கு அனுப்பியது; பிறகு இருவரையும் சமமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது; அதன்பின் வீட்டுக்காரரை நுகர்வோர் ஆக்கியது. கடைசியாக வந்த வலுவான சட்டமோ அடுக்குமாடி வீடு வாங்குபவரைக் கைதூக்கிவிட்டு, சொந்த மனையில் கட்டுகிறவரை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டது. இந்த வளர்ச்சியின் தடத்தையும் அதில் விழுந்துள்ள இடைவெளியையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பணமும் சிறையும்

வேலையை ஒப்புக்கொண்டு முடிக்காதவருக்குத் தண்டனை என்பது பழைய கருத்து. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம், குறித்த காலத்தில் வேலையை முடிக்காத கைவினைஞரின் கூலியில் கால் பங்கைக் குறைத்து, அதைப்போல் இரு மடங்கு அபராதமும் விதிக்கச் சொல்கிறது. நமது நவீனச் சட்டத்தின் தொடக்கம் இதைவிடக் கடுமையானது.

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், வேலையாட்கள் ஒப்பந்தத்தை மீறுவதைத் தண்டிப்பதற்காகவே இயற்றப்பட்டது. கல்கத்தா வணிகர்கள் கொடுத்த நெருக்கடியில் பிறந்த இச்சட்டம், சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கும் முதலில் பொருந்தியது. கைவினைஞரோ தொழிலாளியோ முன்பணம் பெற்று, தக்க காரணமின்றி வேலையைச் செய்யாவிட்டால், முதலாளி நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பித் தரும்படியோ வேலையை முடிக்கும்படியோ மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். எந்த உத்தரவு வேண்டும் என்பது முறையிட்டவரின் விருப்பம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கொத்தனார், தச்சர், கல்தச்சர் எல்லோரும் இதன் வீச்சுக்குள் வந்தார்கள். வேலையை முடித்துவிட்டுக் கூலிக்காக அலைந்த கொத்தனாருக்கு இதே வேகத்தில் எந்தக் கதவும் திறக்கவில்லை. பிற்காலத்தில் தோட்ட முதலாளிகளின் கையில் கொடுங்கருவியாக மாறிய இச்சட்டம் 1925இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தால் ஒழிந்தது.

இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். ஒப்பந்த மீறலைக் குற்றமாகப் பார்க்கும் ஆசை இச்சட்டத்தோடு செத்துவிடவில்லை.

1872: இருவரும் சமம் என்ற எடுகோள்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் எல்லாக் கட்டுமான வழக்குகளுக்கும் அடித்தளம். மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கு ஈடு தரச் சொல்வது 73ஆம் பிரிவு. முன்கூட்டியே எழுதிவைத்த அபராதத் தொகை உச்சவரம்பே தவிர, அதை அப்படியே வசூலித்துவிட முடியாது என்பது 74ஆம் பிரிவு. காலக்கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடியா இல்லையா என்பதைப் பொறுத்து விளைவு மாறும் என்பது 55ஆம் பிரிவு. 'ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன்' என்ற வாக்கு மீறப்பட்ட பிறகும் வீட்டுக்காரர் அடுத்த தவணையைக் கொடுத்துக்கொண்டே போயிருந்தால், அந்தக் காலக்கெடுவை அவரே தளர்த்திவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட இப்பிரிவு இடம் கொடுக்கிறது.

ஒப்பந்தக்காரருக்கு இச்சட்டம் தந்த பெரிய அரண் 70ஆம் பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்கிறது அது. மேற்கு வங்க அரசுக்கு எதிராக ஒரு கட்டுமான நிறுவனம் தொடுத்த வழக்கில் 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான பொருள் கொடுத்தது. 1944இல் அரசுத் துறை கேட்டுக்கொண்டதால் அந்த நிறுவனம் கட்டுமான வேலைகளைச் செய்திருந்தது. முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை. ஒப்பந்தம் செல்லாது என்றாலும், பெற்ற பயனுக்குப் பணம் தரத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

நம் ஊர் வீட்டு வேலையில் 'எக்ஸ்ட்ரா ஒர்க்' என்று சொல்லப்படுவதன் சட்ட நிலை இங்கேதான் வருகிறது. வரைபடத்தில் இல்லாத பரண், வாசலில் கூடுதலாக ஒரு போர்ட்டிகோ, ஆழம் கூட்டிய சம்ப். இவற்றை வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகக் கேட்கிறார், மேஸ்திரி செய்துவிடுகிறார், கடைசி பில்லில் சண்டை வெடிக்கிறது. கூடுதல் வேலைக்கு எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால் அந்த விதிதான் ஆளும். ஒப்பந்தம் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் 70ஆம் பிரிவு ஒப்பந்தக்காரருக்குக் கைகொடுக்கும். வீட்டுக்காரர்கள் பலர் இதை அறிவதில்லை.

சமத்துவம் காகிதத்தில் இருந்தது. நடைமுறையோ இருதரப்பையும் வதைத்தது. உரிமையியல் வழக்கில் கட்டடத்தின் குறையை நிரூபிக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 9ஆம் விதிப்படி அட்வகேட் கமிஷனர் நியமிக்கப்படுவார். அவர் ஒரு பொறியாளரை உடன் அழைத்துக்கொண்டு வருவார். அளவு நாடா சுவரோரம் ஓடும். பூச்சைத் தட்டிப் பார்த்துப் பொள்ளலான இடங்களைக் குறிப்பார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றி வாட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். தூண் மூலையில் தூக்குக் குண்டு விடுவார்கள். இருதரப்பு வழக்கறிஞர்களும் தங்கள் குறிப்பாணையில் உள்ளதெல்லாம் பதிவாகிறதா என்று பின்னாலேயே நடப்பார்கள். அந்த அறிக்கைக்கு ஆட்சேபம், ஆட்சேபத்தின் மீது விசாரணை, பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்தல் என்று ஆண்டுகள் ஓடும். அதுவரை பாதி வீட்டில் கம்பி துருப்பிடிக்கும். வேலையைத் தொடர்ந்தால் சாட்சியம் அழியும் என்ற அச்சம் வீட்டுக்காரரைக் கட்டிப்போடும். தமிழ்நாட்டில் 2017 வரை இத்தகைய பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணமே கோரும் தொகையில் 7.5 சதவீதம், அந்த ஆண்டில்தான் அது 3 சதவீதமாகக் குறைந்தது.

வீட்டுக்காரர் நுகர்வோர் ஆன கதை

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதன் வரையறையில் வங்கி, காப்பீடு, போக்குவரத்து எல்லாம் இருந்தன. வீடு கட்டுதல் இல்லை. 1993 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்.எம். சகாய் எழுதிய தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. திருத்தத்துக்கு முன்பும் வீடு கட்டித் தருவது சேவையே. கட்டுபவர் தனியாரா அரசு அமைப்பா என்பது பொருட்டல்ல. குறைபாடு இருந்தால் ஈடு உண்டு என்றது அது. பாதிக்கப்பட்டவரை அலைக்கழித்த அதிகாரிகளிடமிருந்தே இழப்பீட்டை வசூலிக்கச் சொன்னதும் இந்தத் தீர்ப்புதான்.

எனினும், நிலம் சொந்தமாக வைத்திருப்பவர் நுகர்வோரா என்ற கேள்வி நீடித்தது. பழைய தனி வீட்டை இடித்து, கட்டுநர் தன் செலவில் அடுக்குமாடி கட்டி, சில தளங்களை உரிமையாளருக்குக் கொடுத்து மீதியை விற்றுக்கொள்ளும் முறை டில்லியிலும் சென்னையிலும் பரவியது. சென்னையில் இதை 'ஜாயின்ட் வென்ச்சர்' என்பார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, 'நாங்கள் கூட்டாளிகள், நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று கட்டுநர்கள் வாதிட்டார்கள். டில்லியில் எழுந்த இத்தகைய ஒரு வழக்கில் 2008 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அந்த வாதத்தைத் தகர்த்தார். ஒப்பந்தத்தின் தலைப்பு எதையும் தீர்மானிக்காது. கட்டுமானத்தில் உரிமையாளருக்கு அதிகாரமும் இல்லை, லாப நட்டத்தில் பங்கும் இல்லை என்றால் அது கூட்டு முயற்சி ஆகாது. நிலம் கொடுத்தவர் சேவை பெறுபவர், கட்டுபவர் சேவை தருபவர் என்றார். கட்டி முடிப்புச் சான்றைப் பெற்றுத் தருவதும் அந்தச் சேவையின் பகுதி என்று ஆனது. என் மதிப்பீட்டில், இந்த வரலாற்றில் வீட்டு உரிமையாளருக்குக் கிடைத்த மிக முக்கியமான தீர்ப்பு இது.

நுகர்வோர் வழியின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போடவேண்டும். உரிமையியல் நீதிமன்றத்திலோ மூன்று ஆண்டு. 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகளின்படி, கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் இந்தக் கதவு ஒருபக்கம் மட்டும் திறக்கும். பாக்கி வைத்துவிட்டுக் கிரகப்பிரவேசம் நடத்திய வீட்டுக்காரர் மீது ஒப்பந்தக்காரர் இங்கே வழக்குப் போட முடியாது. அவருக்கு 1872ஆம் ஆண்டின் பாதைதான்.

சென்னையின் தனி ஏற்பாடு

தமிழ்நாட்டு அடுக்குமாடி விற்பனையில் நெடுங்காலம் ஒரு விநோத ஏற்பாடு இருந்தது. வாங்குபவருக்கு நிலத்தின் பிரிபடாத பங்கு மட்டும் கிரயமாகும்; வீட்டுக்கு அவர் கட்டுநரோடு தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார். முத்திரைத் தீர்வை குறையும் என்பதுதான் இதன் ஈர்ப்பு. சட்டத்தின் கண்ணில், எட்டாம் மாடியில் வீடு வாங்கியவரும் 'தன் நிலத்தில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிக்கொண்டவர்' ஆனார். தனி வீடு கட்டியவரும் அடுக்குமாடி வாங்கியவரும் இதனால் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசை இரண்டு கட்டமாகப் பிரிந்தது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். கட்டுமானத்தின் மீது கண்காணிப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கவேண்டும். ஒப்பந்தம் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2019 ஏப்ரல் 2 அன்று குருகிராம் வழக்கில், கட்டுநருக்கு மட்டும் சாதகமான ஒருதலை விதிகள் முறையற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கடைசியாக, 2023 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டுப் பதிவுத்துறை மனைப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் கிரயம் பதியும் முறைக்கு மாறியது. அடுக்குமாடி வாசி இப்போது சந்தேகமின்றி வீடு வாங்குபவர்.

விடுபட்டவர்

ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைக்காகக் கட்டுபவரையே 'மேம்பாட்டாளர்' என்கிறது. ஒரு கிரவுண்டிலோ மூன்று சென்டிலோ தனக்காக வீடு கட்டுகிறவரும், அவருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டித்தரும் ஒப்பந்தக்காரரும் அதன் வட்டத்துக்குள் இல்லை. தனிக்கணக்கு இல்லை, 10 சதவீத வரம்பு இல்லை, ஐந்தாண்டுப் பொறுப்பு இல்லை. கட்டட வடிவமைப்பாளருக்கு 1972இலேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. பொதுப்பணித் துறையில் வேலை எடுப்பவருக்கு வகுப்புவாரிப் பதிவு உண்டு. தனியார் வீடு கட்டும் ஒப்பந்தக்காரராக யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்.

சொந்த மனையில் கட்டுகிறவருக்குக் கிடைத்த ஒரே புதிய கருவி, குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் செய்யப்பட்டு 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போனால், குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, பிறகு வேறொருவரை வைத்து முடித்து, அந்தச் செலவை முதலாமவரிடம் கோரலாம். பாதி வீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும் நிலைக்கு இது நல்ல மருந்து. ஆனால் நோட்டீஸ் அனுப்பாமல் ஆளை மாற்றினால் இந்த உரிமை கிடைக்காது.

முறையான வழிகள் மெதுவாகவும் தெரியாமலும் இருப்பதால்தான் மக்கள் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். மோசடி, நம்பிக்கை மோசடி என்று புகார் எழுதப்படுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 318, 316ஆம் பிரிவுகள். உரிமையியல் தகராறுக்குக் குற்ற வண்ணம் பூசும் போக்கை உச்ச நீதிமன்றம் 2006இலேயே கண்டித்திருக்கிறது. முன்பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டாமல் மோசடி நிற்காது என்பது நிலைபெற்ற சட்டம். 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்து நூறு ஆண்டு ஆன பின்னும், முன்பணம் வாங்கியவரை லாக்கப்புக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற எண்ணம் வாழ்வதற்கு, அந்த இடத்தில் நாம் வேறு எதையும் வைக்காததே காரணம்.

மாநில அரசு செய்யக்கூடியவை இரண்டு உண்டு. கட்டட அனுமதி வழங்கும்போதே, வேலைப் பட்டியல், பொருள் தரம், கட்டவாரித் தவணை, கூடுதல் வேலைக்கான எழுத்து ஒப்புதல், குறைதீர்ப்புக் காலம் ஆகியவற்றைக் கொண்ட மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் இணைத்துக் கொடுக்கலாம். தனி வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்களுக்கு மாவட்ட அளவில் எளிய பதிவு முறை ஒன்றைக் கொண்டுவரலாம்; அது நேர்மையாக வேலை செய்து பாக்கிக்காக அலையும் ஒப்பந்தக்காரரையும் காக்கும். அதுவரை வீடு கட்டத் தொடங்குகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: சதுர அடி ரேட்டை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள், செய்த வேலையை இருவரும் சேர்ந்து அளந்து, அதே நாளில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.