ரோட் ஐலண்ட்: வரலாற்றுத் திருப்பங்கள்

ரோட் ஐலண்ட், பரப்பளவில் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். நாரகான்செட் விரிகுடாவைச் சுற்றி அமைந்த இதன் மொத்தப் பரப்பு சுமார் 4,000 சதுர கி.மீ.; அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்ப்பரப்பு. தலைநகர் பிராவிடன்ஸ்.

சமயக் கருத்துகளுக்காக மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், நாரகான்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். வழிபாட்டில் அரசு தலையிடலாகாது என்ற அவரது கொள்கை, இரண்டாம் சார்லஸ் மன்னர் 1663இல் வழங்கிய பட்டயத்திலும் இடம்பெற்றது. குவேக்கர்களும் யூதர்களும் இங்கே புகலிடம் கண்டனர். நிலம் தந்தவர்களுக்குத்தான் கேடு நேர்ந்தது: 1675 டிசம்பரில் சதுப்புநிலத்திலிருந்த நாரகான்செட் கோட்டையை அண்டைக் குடியேற்றங்களின் படை எரித்தது, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

1772 ஜூன் 9 அன்று, கடத்தலைத் தடுக்க வந்த பிரிட்டிஷ் காவல் கப்பல் காஸ்பி, ஹன்னா என்ற கப்பலைத் துரத்திச் சென்று வாரிக் அருகே தரைதட்டியது. வணிகர் ஜான் பிரவுன் ஏற்பாட்டில் பிராவிடன்ஸ்காரர்கள் இரவோடிரவாகப் படகுகளில் சென்று, கப்பல் தலைவரைச் சுட்டுக் காயப்படுத்தி, மாலுமிகளைக் கரையேற்றிவிட்டுக் கப்பலைக் கொளுத்தினர். பரிசு அறிவித்தும் விசாரணை ஆணையம் அமைத்தும் ஒருவர்மீதும் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சிக்கு முந்தைய இந்நிகழ்வுக்கு அதன் புகழில் பாதிகூடக் கிட்டவில்லை. விடுதலை வீரராகப் போற்றப்படும் பிரவுன் அடிமை வணிகரும்கூட. அவ்வணிகத்துக்கு எதிரான 1794ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவரது ஹோப் என்ற கப்பலும் பறிபோனது.

1776 மே 4 அன்று, விடுதலைப் பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முன்பே ரோட் ஐலண்ட் மன்னர் விசுவாசத்தைத் துறந்தது. ஆயினும் 1787 அரசியலமைப்பு மாநாட்டுக்கு ஆள் அனுப்ப மறுத்து, 13 மாநிலங்களில் கடைசியாக, 1790 மே 29 அன்று 34–32 என்ற வாக்குகளில்தான் அரசியலமைப்பை ஏற்றது.

பழைய பட்டயமே பின்னர் சுமையானது. அதன்கீழ் நிலவுடைமையாளருக்கே வாக்குரிமை இருந்ததால், ஆலைத் தொழிலாளர் பலர் ஒதுக்கப்பட்டனர். தாமஸ் டார் 1842இல் போட்டி அரசு அமைத்து, பிராவிடன்ஸ் ஆயுதக்கிடங்கைக் கைப்பற்ற முயன்றார். அவரது பீரங்கிகள் வெடிக்கவே இல்லை. கிளர்ச்சி தோற்றாலும் 1843இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஆயுள் தண்டனை பெற்ற டார் 1845இல் விடுவிக்கப்பட்டார்.

மாநிலத்தின் அலுவல்முறைப் பெயரில் ஒட்டியிருந்த ‘பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ்’ என்ற பகுதி அடிமைமுறையை நினைவூட்டுவதாக எதிர்ப்பு எழுந்தது. அதை நீக்கும் யோசனையை 2010இல் நிராகரித்த வாக்காளர்கள் 2020இல் ஏற்றனர்.