மெயின் போர்டும் ஒரு காமர்ஸ் பட்டதாரியும்

நமக்கு ஊர் வடகரப்பதிங்க. பாலக்காடு மாவட்டம்தான், ஆனா வேலந்தாவளம் தாண்டினா தமிழ்நாடு. எங்க தாத்தா 1940-கள்ல கோயமுத்தூர் மில் ஒண்ணுல எலெக்ட்ரீசியனுக்கு உதவியாள். மஸ்கட்ல உட்கார்ந்து இப்போ அவரை நினைக்கக் காரணம் இருக்கு.

ஆரம்ப கால மில்லுங்கள்ல ஒரே நீராவி எஞ்சின். மேலே நீளமா ஒரு ஷாஃப்ட், அதிலிருந்து மெஷினுக்கு மெஷின் பெல்ட். 1932-ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சதும் கதை மாறிச்சு. பாய்லர் வேண்டாம், கரி வேண்டாம். கோவையில மில்லுங்க மளமளன்னு பெருகிச்சு. கேரளத்துப் பக்கம் 1940-ல பள்ளிவாசல், 1976-ல இடுக்கி. எங்க ஊருக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டிலும் தொழிற்சாலைங்க வந்துச்சு.

கரண்ட் வந்தா போதுமா? பிரிச்சுக் கொடுக்க போர்டு வேணுமே. தாத்தா காலத்துல பளிங்குப் பலகை, திறந்த கத்தி ஸ்விட்ச், ஃபியூஸ் கம்பி. "ஃபியூஸ் போச்சுன்னு தடிச்ச கம்பி போட்டா மெஷின் ஓடும், போர்டு எரியும்"னு சொல்வார். அப்புறம் இரும்புப் பெட்டி ஸ்விட்ச், அதுக்கப்புறம் பிரேக்கர் வெச்ச பேனல்.

2008-ல நான் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிளையில கடன் அதிகாரி. சின்னத் தொழிற்சாலை ஒண்ணு, 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். பேனலுக்கு ரெண்டு கொட்டேஷன். நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து மலிவானதுக்கு ஓகே சொன்னேன். எட்டாவது மாசம் கேபிள் ஷார்ட் ஆச்சு, பேனல் வெடிச்சுது. ஒரு பையனுக்குக் கை வெந்துபோச்சு.

கணக்கை அப்புறம்தான் ஒரு இன்ஜினியர் போட்டுக் காட்டினார். 433 வோல்ட்ல அந்த டிரான்ஸ்ஃபார்மரோட முழு லோடு சுமார் 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் 5 சதவீதம்னா, பக்கத்துல ஷார்ட் ஆகும்போது அதைப்போல 20 மடங்கு, 13,000 ஆம்பியருக்கு மேல பாயும். நான் ஓகே சொன்ன பிரேக்கர் 10,000 வரைதான் தாங்கும். இன்னொரு கொட்டேஷன்ல 25,000.

பேங்க்காரனுக்கு இது புரியாத விஷயமா? தினமும் வர்ற செக்குக்குக் காசு இருந்தா போதாது, நிறைய பேர் ஒரே நாள் கவுண்டருக்கு வந்தாலும் தாங்கணும். பிரேக்கரும் அப்படித்தான்.

ஊர்ல ஷெட் போடற அண்ணன், மச்சானுக்கு இங்கிருந்து பணம் அனுப்பறவங்க நம்மில் நிறைய. விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "ஷார்ட் ஆனா எத்தனை ஆயிரம் ஆம்பியர் வரும், இந்த பிரேக்கர் எத்தனை தாங்கும்?"

தாத்தா அதைத்தான் முதல்ல கேட்டிருப்பார்.