பொதுமுடக்கமும் நாட்டார் அரங்கக் கலைஞர்களும்: அமராவதி நகரிலிருந்து ஓர் உரிமைப் பார்வை

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் தொடங்கியது. அதன் மூன்றாம் நாளான மார்ச் 27, உலக நாடக நாள். அந்த ஆண்டு அந்நாளில் உலகின் பெரும்பாலான அரங்குகள் பூட்டிக் கிடந்தன. ஏப்ரல் 2 முதல் இலண்டன் நேஷனல் தியேட்டர் தன் பழைய நிகழ்வுகளின் பதிவுகளை வாரந்தோறும் யூடியூபில் இலவசமாக வெளியிட்டது. சென்னையிலும் பிற நகரங்களிலும் நாடகக் குழுக்கள் ஜூம் செயலியில் வாசிப்பும் பயிற்சியும் நடத்தின. ‘முடக்கத்திலும் முடங்காத கலை’ என்று ஊடகங்கள் அதனைப் பாராட்டின.

அந்தப் பாராட்டில் இடம்பெறாத கலைஞர்களைப் பற்றியது இக்கட்டுரை. பறை, ஜமாப், திடுமம், உறுமி, கரகம், கூத்து ஆகியவற்றை வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள் அவர்கள். கொங்குப் பகுதியில் அவர்களுள் பெரும்பான்மையோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். முடக்கக் காலத்தில் அவர்களுடைய கலை எவ்வாறு உயிர்ப்புடன் இருந்தது, குழுக்கள் எவ்வாறு தொடர்பைப் பேணின, சட்டம் அவர்களுக்கு என்ன செய்தது என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பது, அடுத்த நெருக்கடிக்கு முன் நாம் செய்தாக வேண்டிய பணியாகும்.

மண்ணும் மேடையும்

திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், உடுமலைப்பேட்டை வட்டத்தில், அமராவதி அணையின் அடிவாரத்தில் உள்ளது அமராவதி நகர். இச்சுற்றுவட்டார உழைக்கும் மக்களுக்குத் தென்னந்தோப்பு வேலை, நூற்பாலை, திருப்பூர் பனியன் கம்பெனி ஆகியவையே பகல்நேரப் பிழைப்பு. அவர்களுள் பலர் நோம்பிக் காலத்தில் கலைஞர்களாக மாறுகின்றனர். பங்குனியில் தொடங்கி ஆடி வரை நீளும் கோயில் நோம்பிகளின் வருமானமே ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கான கடனை அடைக்கிறது.

உடுமலைக்கு நீண்ட நாடக மரபு உண்டு. பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981) நாடக மேடையில் வளர்ந்து திரைப்பாடலுக்குச் சென்றவர். அவருக்கு நகரில் மணிமண்டபம் உள்ளது. அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தோற்கருவி இசைத்தவர்களின் பெயர்களோ எழுதப்பட்ட வரலாற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. பேரிடர்க் காலத்தில் அரசின் நிவாரணப் பட்டியலிலும் அவர்களுடைய பெயர்கள் அரிதாகவே இருந்தன. இவ்விரண்டு விடுபடல்களுக்கும் தொடர்பு உண்டு.

தடை ஆணையின் சொற்கள்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் கீழ் ஒன்றிய அரசு பிறப்பித்த வழிகாட்டு நெறிமுறைகள், பண்பாடு, சமயம், பொழுதுபோக்கு சார்ந்த அனைத்துக் கூடுகைகளையும் தடை செய்தன. இறப்பு நிகழ்வில் மட்டும் 20 பேர் கூடலாம் என்று விலக்களித்தன. திறந்தவெளி அரங்குகளுக்கு 2020 செப்டம்பர் 21 முதலும், திரையரங்குகளுக்கு அக்டோபர் 15 முதல் பாதி இருக்கைகளுடனும் ஒன்றிய அரசு அனுமதி வழங்கியது. ஆனால் ஊர்ப் பொதுவிடத்தையே மேடையாகக் கொண்ட கலைஞருக்கு அந்தத் தேதிகளால் பயனில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி ஆகிய நான்கு மாதங்களும் அதற்குள் கடந்துவிட்டிருந்தன.

இந்த 20 பேர் விதியின் விளைவு கவனத்துக்குரியது. நோம்பி நின்றது, இழவு நிற்கவில்லை. எந்தத் தொழிலைச் சாதி இழிவின் அடையாளம் என்று கூறிப் பல தலைமுறைகள் போராடி உதறினவோ, அந்தத் தொழிலே முடக்கத்தில் எஞ்சிய ஒரே வாய்ப்பாகப் பல குடும்பங்களின் முன் வந்து நின்றது. நோய்த்தொற்றுக்கு அஞ்சி மறுப்பவரிடம், ‘வழக்கமாக நீங்கள்தானே வருவீர்கள்’ என்று ஊர் கேட்டால் அதற்கு விடை சட்டத்தில் உள்ளது. கட்டாய உழைப்பை அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் கூறு தடை செய்கிறது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டி வேலைக்கோ கட்டாய உழைப்புக்கோ உட்படுத்துவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3(1)(எச்)இன்படி குற்றம். விரும்பி இசைப்பது உரிமை, மறுப்பதும் உரிமை.

அறுபடாத இணைப்பு

இச்சூழலில் கலைஞர்கள் தொடர்பைப் பேணிய முறைகள் பல. முதலாவது, குழு. ‘செட்’ என்று அவர்கள் அழைக்கும் குழு, மேடையில் மட்டும் ஒன்றுகூடும் அமைப்பன்று. கடன், மருத்துவம், திருமணம் அனைத்திலும் துணை நிற்கும் வலைப்பின்னல் அது. அரிசியைப் பகிர்ந்துகொண்டதும், ஒருவரது கைப்பேசியைச் சுற்றி நால்வர் அமர்ந்து வெளியூர்க் குழுவின் அடவைக் கண்டு பழகியதும் இந்த வலைப்பின்னலின் வழியேதான். வாட்ஸ்அப் குரல்பதிவுகளில் அடிமுறைகள் ஊர்விட்டு ஊர் பயணித்தன. பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில் பல குடியிருப்புகளில் பிள்ளைகள் பறை கற்றனர்.

இரண்டாவது, பரந்த தோழமை. இந்தத் தோழமைக்கு முடக்கத்துக்கு முந்தைய வரலாறு உண்டு. 1990களில் தலித் கலைவிழாக்கள் பறையை விடுதலைக் கருவியாக மீட்டெடுத்தன. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கைகளில் பறையைத் தந்தது. கே.ஏ. குணசேகரன் நாட்டார் பாடலையும் தலித் அரங்கையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். இந்த மரபில் உருவான குழுக்களிடம் முகவரிகளும் நம்பிக்கையும் முன்பே இருந்தன. எனவே 2020இல் நிவாரணம் திரட்டுவது அவர்களுக்கு எளிதாயிற்று. இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா தொடர்புடைய சுமனசா அறக்கட்டளை போன்ற முயற்சிகளும் நலிவுற்ற கலைஞர் குடும்பங்களுக்கு உதவின.

மூன்றாவது, அரசியல் குரல். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையம் அருகே சங்கர் சாதி ஆணவத்தால் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்தது. கௌசல்யாவின் தந்தை விடுவிக்கப்பட்டார். ஐவரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சென்னையில் அன்று கடும் முடக்கம் நடைமுறையில் இருந்தது. வழக்கமான நாளாயின் பறை முழங்கத் தெருவில் நடந்திருக்கும் கண்டனம், அறிக்கைகளாகவும் இணையப் பதிவுகளாகவும் சுருங்கியது. கூடுகைக்கான தடை பொழுதுபோக்கை மட்டும் தடுக்கவில்லை. நீதி கேட்கும் வடிவத்தையும் தடுத்தது என்பதை உடுமலை மக்கள் அன்று உணர்ந்தனர்.

நான்காவது, மனுவே நிகழ்வானது. இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தமிழ்நாட்டில் மீண்டும் தடை விதிக்கப்பட்டது. பல மாவட்டங்களில் கலைஞர்கள் வேடமணிந்து, இசைக்கருவிகளுடன் ஆட்சியர் அலுவலகங்களுக்குச் சென்று மனு அளித்தனர். வாக்குப்பதிவுக்கு முன் பரப்புரைக்குக் கூட்டம் கூடலாம், வாக்குப்பதிவு முடிந்ததும் நோம்பிக்கு மட்டும் தடையா என்பது அவர்களுடைய கேள்வி. வாக்குப்பதிவு ஏப்ரல் 6 அன்று முடிந்திருந்தது.

கலைஞர்களின் திறனை அரசும் பயன்படுத்திக்கொண்டது. நோய்த்தடுப்பு விழிப்புணர்வுக்கும், 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டப் பரப்புரைக்கும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. இவ்வாறு உரிய ஊதியத்துடன் கலைஞராக அழைப்பது வேறு. சாதி வழக்கப்படி தண்டோரா போடச் செய்வது வேறு. தண்டோரா முறையைக் கைவிடுமாறு தலைமைச் செயலர் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியதை இந்த வேறுபாட்டுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கைப்பேசியில் ஏறிய கலை யாருக்கு உரியது?

முடக்கத்தில் நாட்டார் நிகழ்வுகளின் காணொளிகள் பெருமளவில் பரவின. பார்வைகளால் வந்த வருவாய் பெரும்பாலும் சேனல் நடத்துவோரைச் சேர்ந்தது. பதிப்புரிமைச் சட்டம், 1957 இதில் கலைஞர் பக்கம் நிற்கிறது. ‘நிகழ்த்துநர்’ என்னும் சொல்லில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுநர், கழைக்கூத்தாடி வரை அச்சட்டம் அடக்குகிறது. நிகழ்வைப் பதிவு செய்யவும், பதிவை மக்களிடம் கொண்டுசெல்லவும் அனுமதிக்கும் உரிமை பிரிவு 38ஏஇன்படி நிகழ்த்துநருக்கு உண்டு. நிகழ்த்துநர் இன்னார் என்று அடையாளப்படுத்தப்படும் உரிமையைப் பிரிவு 38பி தருகிறது. இவ்வுரிமைகள் 50 ஆண்டுகள் நீடிக்கும். எனவே குழுக்கள், காணொளி எடுக்க வருவோரிடம் ஒரு பக்க ஒப்பந்தமேனும் எழுதி வாங்குதல் நன்று: குழுவின் பெயர், கலைஞர் பெயர்கள், வருவாய்ப் பங்கு ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும்.

பதிவு என்னும் பாதுகாப்பு

2020இல் நல வாரிய உறுப்பினர்களுக்குத் தமிழ்நாடு அரசு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அத்தொகை பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கெனத் தனி நல வாரியம் 2007 முதல் உள்ளது. ஆயினும் முடக்கக் காலத்தில் இப்பகுதிக் குழுக்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் பணியில் நான் கண்டது, பத்துப் பேர் கொண்ட குழுவில் பதிவு அட்டை வைத்திருந்தவர்கள் ஓரிருவரே என்பதாகும். காரணங்கள் எளியவை. கலைஞர் என்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது. இழவு வீட்டிலும் நோம்பியிலும் எவரும் சான்றிதழ் தருவதில்லை. ஒரு முதியவர் தன் விரல்களின் காய்ப்பை நீட்டிக் காட்டி, ‘இது போதாதுங்களா சார்?’ என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

புலம்பெயர் தொழிலாளர் இன்னல்கள் குறித்துத் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் அமைப்புசாராத் தொழிலாளர் பதிவை விரைந்து முடிக்க ஆணையிட்டது. அதன்பின் ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் தளம் தொடங்கப்பட்டது. 16 முதல் 59 வயது வரையுள்ளோர் அதில் பதியலாம். ஆனால் இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் உள்ளோர் பதிய இயலாது. பகலில் பனியன் கம்பெனி, இரவில் ஜமாப் என வாழும் கலைஞர் இங்கே இடையில் சிக்குகிறார்: ஆலைத் தொழிலாளியாகக் கணக்கில் இருப்பதால் அவர் கலைஞராகக் கணக்கில் வருவதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, குழுவின் கூட்டுச் சான்றையும் ஊராட்சித் தீர்மானத்தையும் கலைஞர் என்பதற்கான சான்றாக வாரியம் ஏற்க வேண்டும். இரண்டாவதாக, பதிவு முகாம்கள் நோம்பிக் காலத்துக்கு முன், மாலை வேளையில், குடியிருப்புகளுக்கே சென்று நடத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, கூடுகைக்குத் தடை விதிக்கும் எந்தப் பேரிடர் ஆணையும், அதனால் வருவாய் இழக்கும் நிகழ்த்துகலைஞருக்கான உதவித்தொகையை அதே ஆணையில் குறிப்பிட வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு ஊதியத்தை எதிர்பார்க்கும் உரிமை இருப்பதுபோல, பருவத்தை இழந்த கலைஞருக்கு ஈட்டை எதிர்பார்க்கும் உரிமை உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு காக்கும் வாழ்வுரிமையில் வாழ்வாதாரமும் அடங்கும் என்பது நிலைபெற்ற சட்டம்.

பதிவு அட்டை இல்லாத குழுவினர் இக்கட்டுரையைப் படிக்கும் தோழர்களுக்குத் தெரிந்தவர்களாயின், அடுத்த நோம்பிக்கு முன் அவர்களுடன் அமர்ந்து படிவத்தை நிரப்பித் தாருங்கள். அதற்கு வழக்குரைஞர் தேவையில்லை. எழுதத் தெரிந்த ஒருவரும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.