தேக்கு இறங்கிய ரயில்பாதை

முதலாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் ஒரு கணக்கு வருமே, நினைவிருக்கிறதா? சரிவுத் தளம், கப்பி, கயிறு, இரண்டு எடைகள். கனமானது இறங்கினால் லேசானது ஏறும். "இதெல்லாம் எங்கப்பா உதவப் போகுது?" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். பதில் கிடைக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. கிடைத்த இடம் பரம்பிக்குளம்.

அது கேரளக் காடு. ஆனால் சாலை வழி நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். டாப்ஸ்லிப் என்ற பெயரே மரம் தந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அந்த உச்சியிலிருந்து தேக்குத் தடிகளைச் சரிவில் நழுவ விட்டார்கள். மலைக்கு மேற்கே, கொச்சி சமஸ்தானத்திடம் தேக்கு ஏராளம். கீழே கொண்டு வரத்தான் வழியில்லை.

அதற்காகப் போட்டதுதான் கொச்சி வன டிராம்வே. 1907 முதல் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர்கேஜ் பாதை. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கொப்பெல் இன்ஜின்கள் இழுத்தன. சாலக்குடியில் ஷோரனூர்–கொச்சி ரயிலைப் பிடித்தால் நேரே கொச்சிதான்.

இன்ஜின் போக முடியாத செங்குத்துச் சரிவுகளில்தான் நம் முதலாண்டுக் கணக்கு! இரும்பு வடத்தின் ஒரு முனையில் தடி ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. அது இறங்க, இது ஏறியது. கரி வேண்டாம், நீராவி வேண்டாம். வேகத்தை அடக்க பிரேக் போதும்.

பாதையோரம் குரியார்குட்டி போன்ற சின்னக் குடியிருப்புகள் உயிர்பெற்றன. 1933-ல் பறவை ஆய்வுக்கு வந்த சாலிம் அலி அங்கேதான் தங்கினார். பிறகு லாரிச் சாலைகள் வந்தன, டிராம்வேயில் நஷ்டம் ஏறியது. 1963-ல் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பிழைக்க வந்தவர்களும் போய்விட்டார்கள். காடர், மலசர், முதுவர் மட்டும் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள்.

வழிகாட்டியாக வந்த காடர் பெரியவரிடம், அந்த இழுவை முறையை வியந்து பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தா, உங்களுக்குக் காட்ட இங்க காடு இருந்திருக்காது சார்" என்றார்.

விடைத்தாளில் கயிற்றின் இழுவிசையை எழுதினேன், உராய்வைக் கழித்தேன். இறங்குகிற எடை எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கச் சொல்லவுமில்லை. தப்பிப் பிழைத்த கன்னிமாரா தேக்கை நாங்கள் ஐந்து பேர் கைகோத்துத்தான் கட்டிப்பிடித்தோம். வயது 450-க்கு மேல் என்கிறார்கள். 2010 முதல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம்.

அடுத்த சந்திப்பை அங்கே வைத்தால் என்ன, நண்பர்களே? அந்தப் பெரியவரிடம் நாம் எல்லோரும் ஒருநாள் பாடம் கேட்கலாம்.